வருகைப் பதிவு

வியாழன் இரவு. ஃபஹாஹீல் கடற்கரைச் சாலை.
ஐ.சி.யு.விலிருந்து நேரே வந்த ரெஜினாவின்
கைகளில் இன்னும் மருந்துக் கழுவல் வாசனை.
பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவந்த கோமதி
கவிழ்த்து வைத்த போனை
நிமிர்த்தி நிமிர்த்திப் பார்க்கிறாள்.
பௌசியாவுக்கு லைசென்ஸ் கிடைத்து நாலு மாதம்,
பார்க்கிங்கைத் தேடி நாலு சுற்று.
அப்புறம் நான்.

ஐந்தாவதாக ஒருத்தி
நாற்காலியை இழுத்துப் போட்டு,
"நான்தான்டி, செல்வி" என்றாள்.

சாத்தூரில், எங்கள் பன்னிரண்டாம் வகுப்பில்,
செல்விகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.
அருள்செல்வி இப்போது வி.ஏ.ஓ.
தமிழ்ச்செல்வி எண் ஜோசியம் பார்த்துப் பெயரை மாற்றிவிட்டாள்.
மாரிச்செல்வி கொரோனாவில் போய்விட்டாள்.
இவள் எந்தச் செல்வி?

"ஏய் செல்வி!" என்று நாலு பேரும் கட்டிக்கொண்டோம்,
அவள் தோளுக்கு மேலாகக்
கண்ணாலேயே கேட்டுக்கொண்டு.
ரெஜினா அழைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன்.
நான் அழைத்ததாக ரெஜினா.
குரூப்பில் இருக்கிற எண்பத்து மூன்று பேரில்
யார் வாயையே திறக்காதவர் என்று
யார் எண்ணிப் பார்க்கிறோம்?

மீனை அவள்தான் தேர்ந்தெடுத்தாள்.
செவுளைத் தூக்கிப் பார்த்து, அரபியில் ஏதோ சொல்லி,
கடைக்காரனைச் சிரிக்க வைத்து,
ஐஸில் கிடந்த ஜுபைதிகளில் மூன்றைக் காட்டினாள்.
சபாஹ் அல் சாலமில் ஒரு வீடு.
பதினொரு பேருக்குச் சமையல்.
பதினொரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.
இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கவில்லை.
எங்கள் முகங்கள்தான்
ஏதோ செய்துகொண்டன.

"கோமதி, கணக்கு டீச்சர் பிடுங்கி வெச்ச உன் காம்பஸ்,
திருப்பித் தந்தாங்களா?"
இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு கேள்வி.
கோமதி போனை மறந்தாள்.
"இல்லடி" என்றாள்,
நேற்றுத்தான் பறிபோனது போல.

"பௌசியா, பரீட்சை அன்னிக்கு நோன்பு வெச்சுட்டு மயங்கி விழுந்தியே,
தலையில தண்ணி ஊத்துனது யாரு சொல்லு?"
"திருச்செந்தூர் டூர்ல, ரெஜினா,
நீ வாந்தி எடுத்த தாவணி என்னது."
அது நீயா, என்று ரெஜினா வாயெடுத்து
எலுமிச்சையைக் கடித்தாள்.

அப்படிச் சிரித்தோம்.
பக்கத்து மேசை எகிப்தியக் குடும்பம்
திரும்பிப் பார்த்துவிட்டுத் தாங்களும் சிரித்தது.
தூரத்தில் சுத்திகரிப்பு ஆலையின் தீ
தண்ணீர்மேல் நெளிந்துகொண்டிருந்தது.
அவள் மெதுவாகச் சாப்பிட்டாள்,
யாருக்கும் பரிமாற எழவேண்டாத ஒருத்தி
சாப்பிடுகிற மாதிரி.

பில் வந்தது. நாங்கள் மறித்தோம்.
தன் பங்கை ஃபில்ஸ் வரைக்கும் எண்ணி வைத்தாள்.

எல்லாருக்கும் ஒன்று சொன்னாள்.
எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை.
பௌசியாவின் காரில் ஏறுமுன்
என் கையை ஒருமுறை அழுத்தினாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து எண்ணைச் சேமிக்கப் பார்த்தேன்.
செல்வி என்று போட்டு நின்றுவிட்டேன்.
இனிஷியல் தெரியவில்லை.
பழைய குரூப் போட்டோவைத் தேடினேன்.
நடு வரிசையில், எனக்கு மேலே,
வெயிலுக்குக் கண் மூடிய ஒரு முகம்.
இவளாகவும் இருக்கலாம்.

"உன்னை நல்லா ஞாபகம் இருக்கு" என்று எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடி அதையே எழுதி, மறுபடி அழித்தேன்.
மணி ஒன்றாகப் போகிறது.
ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"செல்வி, கோபப்படாதே. நீ எந்த பெஞ்ச்?"

உடனே இரண்டு டிக், நீலம்.
இன்னும் தூங்கவில்லை அவள்.
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.

"உனக்குப் பின்னாடி.
உன் பின்னல் என் நோட்டு மேல விழுந்து கிடக்கும்.
ஒவ்வொரு வரிக்கும் அதை
நகர்த்தி வெச்சு எழுதுவேன்."