வாக்குமூலம், நாலாவது பத்தி

பாடாங் செராய் தோட்ட ஆபீஸ்.
மின்விசிறி மூன்றாம் எண்ணில்.
பினாங்கிலிருந்து வந்த இன்சூரன்ஸ்காரர், மிஸ்டர் ஊய்,
தட்டச்சில் மூன்று தாளும் இரண்டு கார்பனும் சொருகிவிட்டு
கேள் என்பதுபோல் தலையசைக்கிறார்.
நான் கிராணி. கேட்கிறேன்.

வேதநாயகி சொல்கிறாள்:
"எனக்குக் கண்ணு எரியுதுன்னு சொன்னேங்க.
பதினேழாம் நம்பர் செம்பனைக் காட்டுல,
ரெண்டாவது தோம்பு மருந்து அடிச்சி முடியறப்போ."

இங்கிலீஷில் எடுத்துக் கொடுக்கிறேன்.
அவர் அடிக்கிறார்:
ஷீ செட் ஹெர் ஐஸ் வேர் பர்னிங்.

வேர்.
எங்கள் பாஷையில் அதற்கு வேறு அர்த்தம்.
வேர்வரை கருகும் என்று
மருந்து டின்னில்கூடப் போட்டிருந்தது.

எனக்கு இந்த விதி தெரியும்.
கூலிம் பள்ளியில் பத்து வாக்கியம், பத்து மார்க்,
ஒன்பது வாங்கினேன்.
சொன்னாள் என்று எழுதிவிட்டால்
அதற்குப் பின்னால் நிற்பதெல்லாம்
பெரட்டில் தண்டல் அதட்டினாற்போல
ஒரு அடி பின்னே போகவேண்டும்.
பசிக்கிறது என்று நேற்றுச் சொன்னவனுக்கு
பசித்தது, அவ்வளவுதான்.
இன்றைக்கு எப்படி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அவளோ ஈரத் துணியை மடித்து
இடது கண்ணில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.
எட்டு மாதம்.
அவள் சொன்னதில் எரிகிறது.
தாளில் எரிந்து முடிந்துவிட்டது.

"யாருகிட்டச் சொன்னீங்க?"
"மண்டோர் பாக்கியத்தம்மாகிட்ட.
எனக்குத் தெரியலம்மா, எதுவுமே தெரியலன்னேன்."

ஷீ டோல்ட் ஹெர் ஷீ குடின்ட் சீ.

மிஸ்டர் ஊய் கையை எடுத்துவிட்டார்.
எந்த ஷீ, என்றார்.
நல்ல மனிதர், கேட்டது நியாயம்.
குருடானது சொன்னவளா, கேட்டவளா?
தனக்கு என்று ஒரு சொல் இருக்கிறது எங்களிடம்.
தனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் சொன்னாள்.
இரண்டு பெண்கள், ஒரு வரி, ஒரு குழப்பமும் இல்லை.
அந்தத் தனக்கை எங்கே வைப்பது என்று
மேசையெல்லாம் தேடினேன்.
காகித பாரம், முத்திரை மை,
பாதி ஆறிய தே தாரிக்.

அவரே ஒரு வழி கண்டார்:
ஷீயை எக்ஸ் போட்டு அடித்துவிட்டு
மனுதாரர் என்று தட்டினார்.
வேதநாயகி மனுதாரர் ஆனாள்.
மனுதாரருக்குக் கண் தெரியவில்லை.
தெரியாதிருந்தது.

பிறகு என்னைப் பார்த்து,
அன்றைக்கு உங்களிடமும் வந்தாளாமே, என்றார்.

ஐ செட் ஐ வுட் டெல் த மேனேஜர்.

எவ்வளவு வழவழப்பு.
மொழிபெயர்க்க ஆள் தேவைப்படாத ஒரே வரி.
வுட் என்று சொல்லும்போதே
சொல்லியாகிவிட்டதுபோல ஒரு நிம்மதி வருகிறது.
அவர் நிறுத்தாமல் அடித்து
அடுத்த வரிக்குத் தள்ளினார். மணி அடித்தது.

"என்ன சொன்னீங்க கிராணி?"
என்றாள் வேதநாயகி.

"தொரைகிட்டச் சொல்றேன்னு
அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னேன்னு
இவருகிட்டச் சொன்னேன்."

மூன்று சொல்.
பின் இரண்டும் முடிந்துபோனவை.
முதலாவது மட்டும்
ஒரு அடியும் பின்னே போகாமல்
எட்டு மாதமாக ஆபீஸ் வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது.
சொல்றேன்.

அவள் துணியை மறுபக்கம் மடித்தாள்.
"சொன்னீங்களா?"

மிஸ்டர் ஊய் கார்பனை உருவினார்.
ரேகை வைக்கச் சொல்லுங்கள், நாலாவது பத்திக்குக் கீழே.
"எங்கங்க?" என்று
மேசையின் விளிம்பைத் தடவினாள்.
அவள் கட்டைவிரலைப் பிடித்து
நான்தான் மையில் அழுத்தினேன்.
நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.