அரை அடி

தேர்தலுக்கு முன்னால் நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
பஞ்சர் கடை மாடியில்.
கூட்ஸ் வண்டி போனால் ஊசி நடுங்கும்.
கால் இஞ்ச் தப்பினாலும்
கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"இன்னாக்கா இது" என்று வீசிவிட்டுப் போவார்கள்.
பிரித்துத் தைத்துக் கொடுப்பேன்.
கூடக் காசு கேட்டதில்லை.

அளவு தெரியாதவள் இல்லை நான்.
இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

உப்புக்கிடங்குத் தெரு மழைநீர்க் கால்வாய்
மூன்றரை அடி ஆழம் என்று எஸ்டிமேட்.
காண்ட்ராக்டர் பொன்னுரங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்,
கையில் ஒரு கிலோ வஞ்சிரம்,
அதற்கு அடியில் கவர்.
"உங்களுக்கு ஒரு வேலையும் இல்லம்மா.
அந்தாண்ட வராம இருந்தா போதும்."
பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு ரேட் உண்டு என்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.
கவரை வீட்டுக்காரர் வாங்கினார்.
நான் மீனைக் கழுவினேன்.

அவர் வாங்கினார் என்று எழுதுகிறேன் பாருங்கள்.
கவர் மேல் இருந்தது என் பெயர்,
எழுத்துப் பிழையோடு.

பீரோ வந்தது.
மகளுக்கு டியூஷன்.
அம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளி விளக்கு,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி விடிய விடியக் கொட்டியது.
புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
பிரெட் பாக்கெட்டோடு போனேன்,
பின்னாலேயே போட்டோ எடுக்க ஒரு பையன்.
ரெஜினா வீட்டில்
என் பழைய மெஷின் தண்ணீரில் நின்றது.
அவளுக்குத்தான் விற்றிருந்தேன்.
மிதி மூழ்கியிருந்தது.
கிறிஸ்துமஸ் ஆர்டர் துணியெல்லாம்
சாயம் விட்டு ஒன்றையொன்று கறையாக்கிக் கிடந்தன.
"பிரெட் வேணாங்க்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.
கழுத்தில் டேப் தொங்கியது.
ஏனென்று தெரியவில்லை, அதை எடுத்து
தண்ணீரில் விட்டேன்.
ஆறு இஞ்ச்.
ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பையன் அதையும் போட்டோ எடுத்தான்.

வடிந்த பிறகு சிலாபைக் கடப்பாரையால் நெம்பச் சொன்னேன்.
சேற்றைக் கழித்துப் பார்த்தாலும்
மூன்றடிதான்.

அளவுப் புத்தகத்தில் மூன்றரை என்று இருக்கிறது.
ஜே.இ. சொல்வார், தண்ணீர்க் கணக்கு அப்படியில்லை மேடம்,
அன்றைக்குக் கடல் ஏறியிருந்தது,
பக்கிங்காம் கால்வாய் எதிர்த்து வந்தது என்று.
இருக்கலாம்.
எனக்குத் தெரிந்தது தையல் கணக்கு.
இங்கே வெட்டிய துணி
வேறெங்கோ இருந்தே தீரும்.

ஏரியா சபையில் எழுந்து தொகையைச் சொன்னேன்.
பள்ளிக்கூட வராந்தா, இருபத்துமூன்று பேர்.
யாரும் கைதட்டவில்லை, திட்டவும் இல்லை.
ஆட்டோ ஓட்டும் குப்பன் மட்டும் கேட்டார்,
"அந்தத் துட்டு இப்ப எங்கம்மா?"
"பாதி பீரோவுக்குள்ள,
பாதி பீரோவாவே."
ரெஜினா வரவில்லை.
அவளுக்குத் தைக்க வேண்டியிருந்தது.

மண்டல அலுவலகத்தில்
திருப்பிக் கட்ட கவுன்டர் கிடையாது.
எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று
கிளார்க் தலையைச் சொறிந்தார்.
பொன்னுரங்கமும் வாங்க மாட்டேன் என்கிறார்,
கொடுத்ததாகவே ஞாபகம் இல்லையாம்.
வீட்டுக்காரர் பேசுவதில்லை.
கட்சியில் வரச் சொல்லியிருக்கிறார்கள்,
வியாழக்கிழமை.

நேற்று பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டினார்கள்.
அந்தாண்ட போனேன்.
தையல் டேப் அறுபது இஞ்ச்தான்,
எனக்கு வேண்டியது நாற்பத்திரண்டு.
"இன்னாம்மா, நீங்களேவா?" என்றார் மேஸ்திரி.
குனிந்தேன்.
பிடிங்க அந்த முனையை.