நூற்றிருபதாம் எண் ஜெட்

பாகப்பிரிவினையில் வீடு உனக்கு, கடை எனக்கு,
நாய் யார் பின்னால் போகிறதோ அவருக்கு.
வக்கீல் அரான்சிபியா பேனாவை மூடும்போதுதான்
டாட்சன் நினைவுக்கு வந்தது.
ஆரஞ்சு நிறம். கதவில் நம் இருவர் பெயர்.
பாதிப் பாதி என்றார் வக்கீல்.
முன்பாதியா பின்பாதியா என்று கேட்டாய் ரெம்பெர்ட்டோ,
சிரிக்காமல்.

ஒன்பது மாதம் ஒரே எஞ்சின்மேல் குனிந்து
சண்டை போட்டோம்,
கல்யாணத்தில் போட்டதைவிட ஒழுங்காக.

நீ சொன்னாய்:
இரண்டு கார்புரேட்டர், நான்கு தொண்டை.
கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும்,
ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.
உன் இன்ஜெக்‌ஷனில் ஒரு வயர் அறுந்தால்
நடுமலையில் யாரைக் கேட்பாய்,
லாமாவையா?

நான் சொன்னேன்:
கோச்சபம்பாவில் கொடி விழும்போது
இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர்.
கணவாயில் நாலாயிரத்து ஐந்நூறு.
நடுவில் எங்கோ
நாலில் ஒரு பங்கு காற்று நழுவிவிடும்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம், சரி.
இல்லாதபோது?
உன் கார்புரேட்டருக்கு மலை தெரியாது.
கீழே பழகிய கையளவையே
மேலேயும் ஊற்றும்,
கரும்புகை கக்கும்,
தப்பு மலையுடையது என்னும்.

நீ பதில் சொல்லவில்லை.
கார்புரேட்டரைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை
என்பது உனக்குத் தெரிந்திருந்தது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்:
இன்ஜெக்‌ஷன் விநாடிக்கு நூறு முறை கேட்கும்,
எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு,
மிதி எவ்வளவு திறந்திருக்கிறது,
இப்போது? இப்போது?
என்னோடு எட்டு வருஷம் இருந்தவன் நீ.
அந்தக் கேள்விகளிலிருந்துதான் ஓடினாய்.

கடைசியில் கார் முழுதும் எனக்கு.
கார்புரேட்டர் இரண்டும்
ஜெட்டுகள் போட்டு வைத்த ஆஸ்பிரின் டப்பாவும் உனக்கு.
கையெழுத்துக்கு ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

அதன்பின் நான் பட்டது தனிக்கதை.
அழுத்தம் கூடிய பம்ப், பெட்ரோல் திரும்பிவர இன்னொரு குழாய்,
கிராங்கில் பல்சக்கரம்.
எர்மெலிந்தா மூன்று வாரம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு
மின்சாரத்தைத் திட்டினாள்.
கடைப் பணம் கரைந்தது.
ஒரு ராத்திரி சுத்தியலைக்கூடத் தூக்கினேன்,
தூக்கியதோடு சரி.

பந்தயத்தன்று பானெட்டில் பீர் தெளித்து
பச்சமாமாவுக்கு அவள் பங்கைக் கொடுத்தோம்.
பிறகு ஏறினேன்.
மூவாயிரம். மூவாயிரத்து எண்ணூறு.
இச்சுப் புல் சாய்ந்து கிடந்தது. என் காது அடைத்தது.
எஞ்சினுக்கு ஒன்றும் அடைக்கவில்லை.
உள்ளே ஏதோ கணக்கு,
ஊற்றுவதைத் துளித்துளியாய்க் குறைத்தபடி.

அடுத்த வளைவில் நீ.
புது டொயோட்டா, பழைய கார்புரேட்டர்,
ஒதுங்கி நின்று, பானெட் திறந்து,
வழியெல்லாம் கறுப்பு.
டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்து
எண்ணிக்கொண்டிருந்தாய்.

எனக்குத் தெரியும்.
நூற்றிருபதாம் எண் நான்கு வேண்டும்,
உன்னிடம் மூன்று.
நான்காவது என் சாம்பல் கிண்ணத்தில் கிடந்தது,
மார்ச் மாதத்திலிருந்து, ஒரு மிட்டாய்த் தாளோடு.
திருப்பித் தர மறந்தேன் என்று
சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரேக்கில் கால் வைத்தது
நானாக யோசித்து அல்ல.
ஜன்னலை இறக்கினேன், கையை நீட்டினேன்.
பித்தளை, பட்டாணியைவிடச் சற்றே பெரிது,
சூடாக இருந்தது.

வாங்கிக்கொண்டாய்.
நன்றி சொல்வாய் என்று
பல்சக்கரம் அரைச்சுற்று சுற்றும் நேரம் நினைத்தேன்.
தலையைச் சாய்த்து என் எஞ்சினைக் கேட்டாய்.
"ஐட்லிங் ஏறிக் கிடக்கு" என்றாய்.

பத்தொன்பது விநாடி.
ஐந்தாமிடம்.
எர்மெலிந்தா இரண்டு நாள் பேசவில்லை.

ராத்திரி லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன்.
ஏறித்தான் கிடந்தது.