மதிப்பீடு

இரண்டு கார்களுக்கு விலை எழுதப் போனேன்.
மணமுறிவு வழக்கு. தியெப் துறைமுகத்துக்கு மேலே
சுண்ணாம்புப் பாறை முகட்டில் கொட்டகை.
தகரக் கூரையில் கடற்காகங்கள் நடந்துகொண்டிருந்தன.

முதலில் ஆல்பீன். எழுபத்தொன்றாம் வருடத்தது, நீலம்.
உயரம் என் இடுப்பளவு.
அதில் ஏறுவதில்லை, இறங்க வேண்டும்,
கிணற்றுக்குள் காலை விடுவதுபோல.
பிடரிக்குப் பின்னால் எஞ்சின்.
"சூடேறட்டும், பொறுங்கள்" என்றார் ஹெர்வே.
ஒரே ஒரு சுற்று.
மூன்று வளைவுகள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.
நான் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடிதான் சொன்னது.
ஐம்பத்தெட்டு வயதில், தொண்டைக்குழியில் இதயம்.
பக்கத்து இருக்கையில்
என் தோல்பை.

எழுதினேன்: தொண்ணூற்றைந்தாயிரம் யூரோ.

அடுத்தது டூ ஷ்வோ. தவிட்டு நிறம்.
பெயரிலேயே இரண்டு குதிரைகள்தாம்,
அதிலும் ஒன்று நொண்டி.
டாஷ்போர்டிலிருந்து குடைப்பிடிபோல் நீளும் கியர்.
திருப்பத்தில் தோணிபோல் சாயும்,
கவிழ்வேன் கவிழ்வேன் என்று மிரட்டும்,
கவிழாது.
ஏற்றத்தில் ஒரு சைக்கிள்காரன் எங்களைத் தாண்டினான்.
தாண்டும்போது நின்று நிதானமாக வணக்கமும் சொன்னான்.
எங்களை என்றேன். ஸொலாஞ்ஜ் உடன் வந்திருந்தார்.
காலடியில் துரு தின்ற ஓட்டை,
அதற்குள் சாலை ஓடிக்கொண்டிருந்தது.
"எங்கள் பையன் அதில் பட்டாணி போட்டுக்கொண்டே வருவான்,
லிமோஜ் வரைக்கும்" என்றார்.

எழுதினேன்: ஏழாயிரம்.
துருவைக் கழித்தால் ஆறு.

மேசையைச் சுற்றி வக்கீல்கள்.
பெரிய தொகைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்,
இருபது வருடமாகப் பார்க்கிறேன்.
"ஆல்பீனை அவளே எடுத்துக்கொள்ளட்டும்" என்றார் ஹெர்வே.
"முப்பது வருடம் எனக்கு அது சக்களத்தி.
ஞாயிறு தவறாமல் குளிப்பாட்டினீர்கள்.
இப்போது என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா?
டூ ஷ்வோவைக் கொடுங்கள்."
"அது மட்டும் முடியாது."
ஆறாயிரம் யூரோத் தகரத்துக்காக
தொண்ணூற்றைந்தாயிரத்தை
எச்சில் இலையைப்போல
ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள்.
வக்கீல்கள் என்னைப் பார்த்தார்கள்,
கணக்கில் நான்தான் பிழைவிட்டதுபோல.

ஹெர்வே காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார்:
"அதில் போகும்போது நாம் சண்டை போட்டதே இல்லை."
"எப்படிப் போடுவது? அந்தச் சத்தத்தில்
எதுவும் காதில் விழாதே."
ஸொலாஞ்ஜ் சிரித்துவிட்டார்.
உடனே கைக்குட்டையைத் தேடுபவர்போல் பைக்குள் குனிந்துகொண்டார்.

அன்று எதுவும் முடிவாகவில்லை.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்:
எனக்கென்றால் நீலம்தான்.
யோசிக்கவே மாட்டேன்.
ஒரு ஆளும் ஒரு தோல்பையும்
அதில் கச்சிதமாகப் பொருந்துகிறோம்.

மழை பிடித்துக்கொண்டது.
ருவான் வரை அறுபது கிலோமீட்டர்.
என் கார் கம்பெனி கொடுத்தது,
சாம்பல் நிறம்,
எல்லாம் சரியாக வேலை செய்கிறது.