நாலாம் கட்டை

சீட்டுக் காசுக்குப் பதிலாக
சவரிமுத்து தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போனான்,
ஒரு சுசுகி ஏ ஹண்ட்ரட்.
ரெண்டு வருசம் படங்குக்கு அடியில் கிடந்தது.
சீட்டுக் கிழிசலில் கோழி இறகு.
"எஞ்சின் செத்துப்போச்சு யோகமலர்,
இரும்பு விலைக்காவது போகும்" என்றான்.
பாக்கி பதினெட்டாயிரம்.
கொப்பியில் அவன் பெயரை வெட்டினேன்.
கோடு அடுத்த தாளிலும் பதிந்தது.

ஞாயிறு. கொழுந்து இல்லை.
லயத்து வாசலில் சாக்கு விரித்தேன்.
கட்டுநாயக்க கார்மெண்டில்
ஆறு வருசம் தையல் மெஷின் திருத்தினவள்,
இதுவும் மெஷின்தானே.
பிளக்கைக் கழற்றி ஹெட்டில் சாய்த்து,
பொறி தெரியவேண்டுமென்று
கம்பளிக்குள் தலையை விட்டு
கையாலேயே கிக்கரை அமுக்கினேன்.
இருட்டு.
திரும்பவும் இருட்டு.
வெளியே பிள்ளைகள் சிரிக்கிறார்கள்,
மோட்டர் சைக்கிளுக்கு ஆவி பிடிக்கிறேனாம்.

பாயிண்டில் சாம்பல் பூத்திருந்தது.
எமரிப் பேப்பரால் தேய்த்தேன்.
இடைவெளிக்கு ஒரு பழைய ரீலோட் கார்ட்,
இறுகாமல், நழுவாமல் அது நிற்கும்வரை திருகிவிட்டு
மறுபடி கம்பளிக்குள் போனேன்.
நீலமாய், ஒரு அரிசி அளவு.
வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை.

காபரேட்டர் கிண்ணத்தில்
பழைய பெற்றோல் கித்துள் பாணியாய் உறைந்திருந்தது.
ஜெட்டுக்குள் செம்பு இழையொன்றை விட்டு ஆட்டி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
ஸ்டோர் கூரையில் ஒரு துண்டுத் தகரம் தெரிந்தது.
போதும்.
ரெண்டு லீற்றர் பெற்றோலுக்கு
இருமல் மருந்து மூடியால் எட்டுத் தரம் ஓயில்.
எண்ணிக்கை தப்பியதில் ஒன்பது.
குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும்,
கூடினால் புகைதானே.

எத்தனை உதை என்று கேட்காதீர்கள்,
கெண்டைக்கால் இன்னும் கணக்கு வைத்திருக்கிறது.
முதலில் செருமியது.
பிறகு எதையோ துப்பியது.
பிறகு, டிங் டிங் டிங் டிங்,
பனியா புகையா என்று
கீழ் லயத்தில் வாக்குவாதம்.

நோர்வூட் றோட்டில் ஏறினேன்.
நாலாம் கட்டையில் நின்றது.
தள்ளி, ஓரமாய் வைத்து, வெற்றிலை போட்டு முடிக்க
ஒன்றும் நடவாதது போல ஸ்டார்ட் ஆனது.
மறுநாளும் நாலாம் கட்டை.
அடுத்த ஞாயிறும்.
"ரோதமுனி பிடிக்குது, சேவல் கேக்குது" என்றாள்
பக்கத்துக் காம்பரா தெய்வானை.
சேவல் விலையை நினைத்தேன்.
பிளக் நல்லம். பொறி நல்லம்.
கிண்ணத்தைத் திறந்தால் மட்டும், காய்ந்திருந்தது.
டாங்கிலோ தளும்புகிறது.

எதற்கோ மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ்.
காற்று உள்ளே போனது,
நெடுநேரம் முக்குளித்தவர் போல.

மூடியின் மூச்சுத் துளையில் மஞ்சள் சவுக்காரம்,
கல்லாய்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
பெற்றோல் கியூ வருசம்,
மூன்று ராத்திரி ஷெட் வாசலில்
இந்த வண்டியைக் கட்டிக்கொண்டு படுத்தவன் சவரிமுத்து.
கிடைத்த ஐந்து லீற்றரில்
ஆவியாகக்கூட ஒரு சொட்டுப் போகவிடமாட்டேன் என்று
ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

சட்டைக் கொலரில் குத்தியிருந்த
ஜூக்கி ஊசியால் குடைந்தேன்.
ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

நோர்வூட் பஸ் ஹோல்ட்டில் நின்றிருந்தான்.
என்னைப் பார்க்குமுன்னே
சத்தத்துக்குத் திரும்பிவிட்டான்.
"ஓடுதே! என்னவாம் பழுது?"
அவன் கை டாங்கைத் தடவி
மூடி வரைக்கும் வந்தது.

"ரிங்" என்றேன். "ரிங் போயிருந்திச்சு.
நல்ல செலவு."

"நான் அப்பவே நெனச்சேன்" என்று தலையாட்டினான்.

நான் எஞ்சினை நிறுத்தவில்லை.
எக்சிலேட்டரை வெறுமனே
முறுக்கிக்கொண்டே இருந்தேன்,
அவன் வேறெதுவும் கேட்டுவிடாமல்.