வித்தியாசம் இல்லை

முப்பத்தொரு வருடம்
ஒரு நோயாளியையும் நான் தொட்டதில்லை.
என் கைக்கு வந்தவை தேதிகள்,
'வந்தாள்', 'வரவில்லை' என்ற கட்டங்கள்.

பெர்கனில் மழை. எப்போதும் மழை.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் என் மேசை.
மேலே ஐவின்ட் அறுப்பார்.
கீழே நான் உறைகளை ஒட்டுவேன்:
இவளுக்கு மார்பு முழுவதும்,
இவளுக்குக் கட்டி மட்டும்.
யாருக்கு எது என்பதைச் சொன்னது
எண் அட்டவணை,
பக்கம் நாற்பது, ஐந்தாம் வரிசை.

"பூவா தலையா போடுகிறாய், டோர்டிஸ்" என்றார் முதல் நாள்.
"நீங்கள் போடாமலே தெரியும் என்கிறீர்கள்" என்றேன்.
அதற்குப் பிறகு தினமும்
காபிக்கு என் எதிரில்தான் உட்கார்ந்தார்.

நான் வரையும் கோடு ஒரு படிக்கட்டு,
இந்த மலையூரின் படிக்கட்டுகளைப் போல.
ஆனால் இறங்க மட்டுமே தெரிந்தது.
ஒவ்வொரு படியும் ஒருத்தி.
இடையில் சின்னச் சின்னக் கீறல்கள்:
கடைசியாகப் பார்த்தபோது உயிரோடிருந்தவர்கள்.
எண் 212 நியூசிலாந்துக்குக் குடிபோனாள்.
ஆடுகளின் படம் போட்ட ஒரு அஞ்சலட்டை,
பிறகு ஒன்றுமில்லை.
அவளைச் சாகவிடவும் எனக்கு உரிமையில்லை,
வாழ்கிறாள் என்று எழுதவும் இல்லை.
கீறலாகவே வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வருடம், ஒரு நவம்பரில்,
இரண்டு படிக்கட்டுகளும்
ஒரே போர்வைக்குள் படுத்த அக்கா தங்கைபோல
ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
எழுதினேன்: வித்தியாசம் இல்லை.

ஐவின்ட் அன்று காபியைத் தொடவில்லை.
தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்படியானால் இத்தனை வருடமும் நான்
எத்தனை பேருக்கு வீணாக..."
அந்த எண் என்னிடம் இருந்தது.
சொல்லவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு மாதம்.
கடல்நீர்க் குளத்தின் உடைமாற்றும் அறை,
நீராவி, ஈரத் தரை,
கூச்சத்தை எப்போதோ கழற்றிப் போட்ட கிழவிகள், நானும்தான்.
எண்பது தாண்டிய ஒருத்திக்கு
இடப்பக்கம் வெறும் சமதரை.
அடுத்த குழாயடியில் அறுபதைத் தொட்டவள்,
இரண்டு மார்பும் இருக்க,
கமா அளவுக்கு ஒரு தழும்பு.
அந்த இரண்டு குழாய்களுக்கு நடுவே எங்கோ
என் வாக்கியம்.

"சோப்பு இருக்கிறதா?" என்றாள் மூத்தவள்.
கொடுத்தேன். வழுக்கியது, பிடித்துக்கொண்டாள்.
"தண்ணீர் இன்று ஒன்பது டிகிரி" என்றாள்.
எட்டரை. வாசல் பலகையில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.
திருத்தவில்லை.