தகரப் பங்கு

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு முதல் தடவை அறுந்தது.
மறுநாள் ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு.
வியாழனன்று, துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது.
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தேன்:
நேரம், விளக்கின் நிறம், காரணம்.
காரணத்தின் கீழே
பெரும்பாலும் காலி.

எங்கள் வீடு தலைகீழ்.
வால்பரைசோவின் மலைச்சரிவில்
தெருவாசல் மேல்மாடியில் திறக்கும்;
சமையலறைக்கு முப்பத்தோரு படி இறங்க வேண்டும்.
இணையமும் அப்படித்தான் இறங்கியாக வேண்டும்.
வாசலில் ஒரு பெட்டி, படி திரும்பும் இடத்தில் ஒன்று,
அடுப்புக்கு எதிரே மூன்றாவது.
ஒன்று சொல்ல ஒன்று கேட்டுக்
கீழே கடத்தும் என்றான் விற்றவன்.
மூன்றாவதுக்குக் காது மந்தம்.

"இஸ்மேனியா, கேட்குதா? இஸ்மே"
அவ்வளவுதான்.
தம்பி நிபால்டோ, தெற்குக் கோடியில், பூந்தா அரேனாஸில்.
திரையில் உறைந்த முகம், பாதி திறந்த வாய்.
போன வருஷம் வீட்டுக்குப் புதுத் தகரம் அடித்த செலவில்
அவன் பங்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேசோ.
அதைப் பற்றி நான் வாயெடுத்த நொடியில்தான்
ஒவ்வொரு முறையும்
விளக்கு சிவக்கும்.

மூன்றையும் அணைத்து, நூறு எண்ணி, மறுபடி ஏற்றினேன்.
மென்பொருளைப் புதுப்பித்தேன்.
மைக்ரோவேவைச் சந்தேகித்து
ஒரு வாரம் ஆறிப்போன சூப் குடித்தேன்.
நூறாம் சேனலில் இருந்தது ரௌட்டர்.
கடலில் ஏதோ ராடார் சுழன்றால்
பெரிய மனுஷருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி
வாயை மூடிக்கொள்ளுமாம் கொஞ்ச நேரம்.
நாற்பத்துநான்குக்கு மாற்றினேன்.
வியாழக்கிழமைகள் குணமாயின.
மற்றக் கிழமைகள் அப்படியே.
கைப்பேசி வேறு,
அடுப்படிக்கு வந்த பிறகும்
வாசல் பெட்டியின் முந்தானையை விடாது.

கம்பெனியிலிருந்து யாஸ்னா வந்தாள்.
பையைத் திறக்கவில்லை.
சமையலறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள்.
டங்.
"இது வெளிச்சுவரா?"
முன்பு வெளிச்சுவர்.
சமையலறை பிற்பாடு ஒட்டவைத்தது.
மிஞ்சிய தகரத்தை வீணாக்க மனமில்லாமல்
உள்ளே இதன் மேலும் அடிக்கச் சொன்னது
நான்.
"எப்போது அடித்தது?"
"மார்ச்சில்."
"அறுப்பு எப்போதிருந்து?"
நோட்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

தகரத்தில் ஒரு துளை, அதில் வெள்ளைக் கேபிள்.
மூன்றாவது பெட்டிக்குக் காது குத்தியாயிற்று என்றேன்.
யாஸ்னாவுக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை;
ரசீதில் கையெழுத்து கேட்டாள்.

பதினோரு நாள். நோட்டில் ஒரு வரி இல்லை.
பன்னிரண்டாம் நாள் நிபால்டோ,
இவ்வளவு தெளிவாக அவனைப் பார்த்து வெகு நாளாயிற்று.
மூக்கோரத்து மரு. நகத்தில் கரி.
வீட்டுக்குள்ளேயே போட்டிருந்த கம்பளிக் கோட்டு.
அதன் மேல் பித்தான் மட்டும் வேறு நிறம்.
வானிலை பேசினோம். மீன் விலை பேசினோம்.
பிறகு நான், "அந்தத் தகரக் காசு..."

"விட்டு விட்டுக் கேட்குது, இஸ்மே"
என்றான். அப்படியே நின்றான்.
பாதி திறந்த வாய். அசையாத கண்.
நல்ல நடிப்புதான்.
ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால்
ஜன்னல் திரை
காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.
அவன் இமை துடித்தது.
பெட்டியில் விளக்கு
பால்போல் வெள்ளை.

கையை நீட்டி
பிளக்கை நானே பிடுங்கினேன்.

நோட்டை எடுத்து எழுதினேன்:
ஒன்பது ஐம்பத்துமூன்று.
வெள்ளை.
காரணம்: தகரம்.